அக்காவின் பெயரில்

ஜனவரி 8

அன்புள்ள வாலு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் என் சின்ன ராணியும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு இருமல் நின்றதா? என் காது போன தடவை நீ பார்த்ததைவிட மந்தம். அட்டைப்பெட்டி வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நின்றால் வேறென்ன ஆகும்? போனில் நீ பேசுவது கொசு பாடுகிற மாதிரிதான் விழுகிறது. உங்கள் கல்குவாரி ஊரில் சிக்னலும் கிடையாது. நமக்குக் கடிதம்தான் கதி.

வீடு பார்த்திருக்கிறோம் என்று எழுதியிருந்தேனே, அதற்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். இரண்டே அறைதான். ஆனால் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் இல்லை, வானம் தெரிகிறது. உன் மாமா அந்த ஜன்னலைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டார். மார்ச் முடிவதற்குள் வங்கிக் கடன் கிடைத்துவிட்டால் வீடு நமக்கு.

நேற்று வங்கிக்குப் போனோம். கடன் பிரிவில் இருப்பவள் சின்னப் பெண், பொறுமைசாலி. எனக்குக் கேட்காது என்று தெரிந்ததும் கம்ப்யூட்டரையே என் பக்கம் திருப்பிவிட்டாள். என் கிரெடிட் ரிப்போர்ட்டில் தீர்க்காத கடன் ஒன்று இருக்கிறதாம். ஆறு வருஷத்துப் பழசு. நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். யாரிடம் வாங்கியது என்று போடவில்லை. ஒரு வசூல் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது.

"யாருங்க இவங்க? நான் யார்கிட்டயும் கடன் வாங்கினதே இல்லையே" என்றேன்.

"இதை முடிக்காம மேல நகர முடியாதும்மா" என்றாள்.

மளிகைக் கடையில் சில்லறை பாக்கிகூட வைக்காதவள் நான். "யாரோ உன் பேருல பஸ் வாங்கி ஓட்டுறாங்க போல" என்று உன் மாமா கேலி செய்தார். கேலி செய்தாரே தவிர, நேற்று ராத்திரி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ எங்களோடுதானே இருந்தாய். நாங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது தபால்காரரிடம் எல்லாவற்றையும் வாங்கி வைப்பது நீதான். ஏதாவது நோட்டீஸ் வந்ததாக ஞாபகம் இருக்கிறதா? யோசித்து எழுது.

ராணிக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

உன் அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவின் முட்டி வலி தேவலையா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. குவாரிக்குப் புதிதாக அறுபது பேர் வந்திருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் சீருடை எங்கள் தையல் கூடத்தில்தான். அளவெடுக்கச் சொன்னால் வெட்கப்பட்டு வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். தைத்துக் கொடுத்த பிறகு பொத்தான் போட முடியவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். ராணிக்கு இருமல் நின்று சளி பிடித்தது, சளி நின்று இப்போது காது வலி. மருந்து கொடுத்தால் வாயிலேயே வைத்திருந்து என் மேல் துப்புகிறாள். இவருக்கு இந்த மாதம் பாதி நாள் பாறை வெடி வேலை.

நோட்டீஸ் எதுவும் ஞாபகம் இல்லை அக்கா. எத்தனையோ தபால் வந்திருக்கும்.

அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் என்ன? வீடு கிடைத்தால் போதாதா? என்னிடம் சேமிப்பு கொஞ்சம் இருக்கிறது, அனுப்புகிறேன். இதைப் போய்த் தோண்டித் துருவி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
வாலு

*

பிப்ரவரி 6

அன்புள்ள வாலு,

ராணியின் காதில் நீயாக எதையும் ஊற்றாதே, டாக்டரிடம் காட்டு. காது விஷயத்தில் நான் சொன்னால் கேட்க வேண்டும்.

கட்டிவிடு என்று எழுதியிருந்தாய். உன்னிடமிருந்து இந்த யோசனையா! இரண்டு பொத்தான் குறைவாகக் கொடுத்தான் என்று கடைக்காரனிடம் மூன்று தெரு நடந்து போய்ச் சண்டை போட்டவள் நீ.

வசூல் நிறுவனத்துக்கு உன் மாமா போன் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் இருந்தவன் கத்தியது எனக்கே பாதி கேட்டது.

"இன்னைக்கு ஐயாயிரமாவது கட்டுங்க சார், மீதியை அப்புறம் பேசிக்கலாம்."

"எதுக்குக் கட்டணும்னு சொல்லுப்பா முதல்ல."

"கடனுக்குத்தான் சார்."

"என்ன கடன்?"

"பழைய கடன் சார்."

இப்படியே கால் மணி நேரம். கடைசியில் உன் மாமா போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். எங்கள் தொழிற்சங்கச் செயலாளரிடம் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "ஒரு காசு கட்டாதீங்க. கட்டினா, கடன் என்னுதுதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கொடுத்தது யாரு, எந்தத் தேதி, உங்க கையெழுத்து எங்கே, எல்லாத்தையும் எழுத்துல கேளுங்க. போன்ல பேசுறது காத்தோட போயிடும்."

அதன்படி நேற்றுப் பதிவுத் தபால் அனுப்பினேன். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் வாங்காததை நான் ஏன் கட்ட வேண்டும்? உன் சேமிப்பு ராணிக்கு.

மாப்பிள்ளையை வெடி வேலையில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 18

அக்கா,

எல்லோரும் சுகம். இதனுடன் பன்னிரண்டாயிரத்துக்கு மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். மீதியை இரண்டு மாதத்தில் அனுப்புகிறேன். எங்கிருந்து என்று கேட்காதே. தயவுசெய்து அந்தப் பதிவுத் தபாலைத் திரும்பப் பெற்றுக்கொள். ஆதாரம் கீதாரம் என்று கேட்டால் அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், அக்கம்பக்கத்தில் அவமானம். மாமாவிடம் சொல். நீ சொன்னால் கேட்பார்.

வாலு

*

மார்ச் 3

அம்மையீர்,

தங்கள் பதிவுத் தபால் கிடைக்கப் பெற்றோம். தாங்கள் கோரிய விவரங்கள் வருமாறு.

மேற்படி நிலுவை, மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து எங்கள் நிறுவனத்துக்கு மாற்றித் தரப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் 14 முதல் 17 வரை தாங்கள் மகப்பேறு பிரிவில் உள்நோயாளியாக இருந்துள்ளீர்கள். பிரசவச் செலவு தங்கள் தொழிற்சாலை மருத்துவ அட்டையின் கீழ் ஈடு செய்யப்பட்டது. பிறந்த குழந்தைக்கான தீவிர சிகிச்சைக் கட்டணம் அட்டையின் வரம்பில் வராததால் தங்களால் செலுத்தப்பட வேண்டியதாகிறது. தாங்கள் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

தங்கள் பெயரைப் பிறர் முறைகேடாகப் பயன்படுத்தியதாகக் கருதினால், காவல் நிலையப் புகாரின் நகலை முப்பது நாட்களுக்குள் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
கிளை மேலாளர்

*

மார்ச் 7

அன்புள்ள வாலு,

நலமா? உன் மணியார்டரை வாங்காமல் திருப்பிவிட்டேன். தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வருகிற பணத்தைத் திருப்புகிற ஆளை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார்.

அவர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தேனாம். எனக்குக் குழந்தை பிறந்ததாம். அதைக் காப்பாற்றப் பார்த்த செலவுதான் பாக்கியாம்.

கடிதத்தை உன் மாமாதான் முதலில் படித்தார். படித்துவிட்டு என்னிடம் தரவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என்ன எழுதியிருக்கான்?" என்றேன். "ஏதோ ஆஸ்பத்திரிக் கணக்கு, தப்பா வந்திருக்கு" என்று மென்று விழுங்கினார். நானே பையிலிருந்து எடுத்துப் படித்தேன். அந்த வருஷம் ஜூன் மாதம் எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஐந்து மாதம் சுமந்து வெறுங்கையோடு வந்தேன். ஆகஸ்டில் எனக்கு எங்கிருந்து வரும் பிரசவம்?

படிவத்தின் நகலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என் கையெழுத்து மாதிரியேதான் இருக்கிறது. கடைசி எழுத்தில் மட்டும் ஒரு சுழி கூடுதல்.

புகார் கொடுத்தால் இந்த மாதத்துக்குள் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று வங்கிப் பெண் சொல்கிறாள். காவல் நிலையத்துக்குத் திங்கட்கிழமை போகலாம் என்று உன் மாமா அரை நாள் லீவு சொல்லியிருக்கிறார். அதை அடுத்த திங்களுக்குத் தள்ளிப் போடச் சொன்னேன்.

அதற்குள் உன் கடிதம் வந்தால் நன்றாக இருக்கும்.

அக்கா

*

மார்ச் 20

வாலு,

கடிதம் வரவில்லை. ராணிக்கு உடம்பு சரியில்லையோ என்று ஒரு மனம் அடித்துக்கொள்கிறது. அது இல்லை என்று இன்னொரு மனம் சொல்கிறது.

நான் புகார் கொடுக்கவில்லை. அன்றைக்குக் கால் வலி என்று உன் மாமாவிடம் பொய் சொன்னேன்.

அக்கா

*

மார்ச் 27

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை.

அந்தக் கையெழுத்து நான் போட்டதுதான். பார்த்தவுடனேயே உனக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் உனக்குப் பதில் நானே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டபோதும் அந்தச் சுழியை வைத்துத்தான் கண்டுபிடித்தாய்.

அந்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் நான் தையல் பயிற்சி விடுதியில் இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அங்கே இயந்திரம் பழுது பார்க்க ஒருவன் வருவான். கல்யாணம் பண்ணிக்கொள்வதாகச் சொன்னான். நான்காம் மாதம் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஐந்தாம் மாதம் அவன் போன் அணைந்தது. அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை. அவனைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

உன்னிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து சின்னச் சின்னச் சட்டைகளை மடித்து ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாய். நான் நிலைப்படியில் நின்றேன். என்னைப் பார்த்து, "வாடி, பசிக்குதா?" என்றாய். "ஆமா" என்றேன். நீ இழந்ததை நான் வேண்டாமல் சுமந்துகொண்டு நிற்கிறேன். அதை எந்த வாயால் உன்னிடம் சொல்வது? கிளம்பும்போது உன் கைப்பையிலிருந்து மருத்துவ அட்டையை எடுத்துக்கொண்டேன். அந்தப் பழைய போட்டோவில் நம் இருவர் முகமும் ஒன்றுதான்.

ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னலில் கேட்டார்கள்.

"பேரு?"

உன் பெயரைச் சொன்னேன்.

"வீட்டுக்காரர் பேரு?"

மாமாவின் பெயரைச் சொன்னேன்.

"எத்தனாவது குழந்தை?"

"முதல் குழந்தை."

மூன்று நாளும் உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு நொடி கூடுதலாக ஆனது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். "மூக்கு அப்படியே உங்க மூக்கும்மா" என்று நர்ஸ் சொன்னாள். நம் மூக்கு, அக்கா. ஒரு நாளும் சொச்சமும் இருந்தாள்.

"அடக்கத்தை நாங்களே பார்த்துக்கிறோம், இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். போட்டேன். எங்கே என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. பில்லைக் கையில் கொடுத்தபோது துணி துவைக்கும் கூடத்து வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். அங்கிருந்து நேரே உன் வீட்டுக்குத்தான் வந்தேன். டைபாய்டு என்று சொன்னேன். பதினைந்து நாள் நீ வெந்நீர் வைத்துக் கொடுத்தாய். அட்டையை உன் பையில் திரும்ப வைத்தேன். பிறகு நோட்டீஸ் வரத் தொடங்கியது. வந்ததையெல்லாம் கிழித்தேன்.

ஒரு வருஷம் கழித்து அங்கே போய், அவளை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். "அம்மா வந்து கேட்டாத்தான் சொல்லுவோம். அட்டையை எடுத்துக்கிட்டு அவங்களை வரச் சொல்லுங்க" என்றார்கள். நான்தான் அம்மா என்று சொல்ல என்னிடம் ஒரு காகிதமும் இல்லை.

இவருக்கு எதுவும் தெரியாது. நீ புகார் கொடு. வீட்டை விட்டுவிடாதே. நான் செய்தது நான் செய்ததுதான்.

உன் தங்கை

*

ஏப்ரல் 22

வாலு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பத்து நாள் யாரோடும் பேசவில்லை. இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது யாரும் என்னிடம் பேச வருவதில்லை என்பது வசதியாக இருந்தது.

எனக்குக் கோபம். பணத்துக்காக இல்லை. பெயரை எடுத்துக்கொண்டதற்காகவும் இல்லை. பக்கத்து அறையில் படுத்திருந்தாய். தூக்கத்தில் அழுதாய். ஜுரத்தில் பிதற்றுகிறாய் என்று நினைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நானும் நின்றிருப்பேனே. என்னால் தாங்க முடியாது என்று நீயே எப்படி முடிவு செய்தாய்? நானும் பார்த்திருக்க வேண்டியவளை எனக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டாய். இந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டதாக எழுத எனக்கு வராது.

உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். "வாசல்ல கிடக்குற செருப்பைப் பாத்தே யாரு வந்திருக்காங்கன்னு சொல்ற வீடு இது. ஒரு உயிர் வந்துட்டுப் போனது தெரியாமப் போச்சே" என்றார். புகாரைப் பற்றி அவரும் பேச்செடுக்கவில்லை.

வீடு கைவிட்டுப் போய்விட்டது. மார்ச் முடிந்ததும் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. உன் மாமா ஒரு தடவை அந்தத் தெரு வழியாகப் போய்விட்டு வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கடனை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். முப்பதாயிரத்துக்கு முடித்துக்கொள்வதாக அவர்களிடம் முதலில் எழுதி வாங்கினேன். மூன்று தவணை. முதல் தவணை கட்டியாயிற்று. வங்கிப் பெண், "இது உங்க கடன் இல்லைன்னு சொன்னீங்களேம்மா?" என்று கேட்டாள். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு" என்றேன்.

ராணியின் உடம்பைப் பார்த்துக்கொள். உன் உடம்பையும்தான்.

அக்கா

*

மே 5

அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை ஏழெட்டுத் தடவை படித்தேன். உன் கோபம் அப்படியே இருக்கட்டும். நீ கோபமே இல்லை என்று எழுதியிருந்தால் நான் உடைந்து போயிருப்பேன்.

இவரிடம் சொல்லிவிட்டேன். தையல் கூடத்துக்கு என்னைக் கூப்பிட வந்திருந்தார், அங்கேயே, துணிக் குவியலுக்கு நடுவில் சொன்னேன். எழுந்து வெளியே போனவர் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ராணியைக் குளிப்பாட்டினார், சாப்பிட்டார், வேலைக்குப் போனார். ஐந்தாம் நாள் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "பொண்ணா, பையனா?" என்றார். "பொண்ணு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். அதற்கு மேல் இன்றுவரை எதுவும் கேட்கவில்லை. இனிமேல் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

மாதம் மூன்றாயிரம் அனுப்புகிறேன். இந்தத் தடவை திருப்பாதே, அக்கா.

உன்னிடம் கேட்க இன்னொன்று இருக்கிறது. கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. விட்டுவிடு.

உன் தங்கை

*

மே 24

அன்புள்ள வாலு,

நாங்கள் நலம். உன் மூவாயிரம் வந்தது, வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளையை அவசரப்படுத்தாதே. அவர் பூட்ஸ் கட்டி முடிக்கட்டும்.

நீ கேட்காமல் விட்டது என்ன என்று எனக்குத் தெரியும். முந்தாநாள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பழைய பதிவேடுகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் ஒரு அறை, கூரை வரைக்கும் அலமாரி. அங்கே ஒரு பெரியவர், சட்டைக் காலரில் கைக்குட்டை செருகியிருந்தார். என் அட்டையைக் கொடுத்தேன். காது கேட்காது என்று சொன்னேன். அதனால் அவர் என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"நீங்கதானே அம்மா?"

"ஆமாங்க" என்றேன்.

நாற்பத்தொரு வயதில் இந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலாக ஒருவர் கேட்டார். என் குரல் நடுங்கியதோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. எடுத்துத் தர்றேன்" என்றார்.

மூன்றே தாள்தான். முழுவதையும் என் கையால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், நீ வரும்போது தருகிறேன். இப்போதைக்கு இதை மட்டும் தெரிந்துகொள். ஆகஸ்ட் 15, காலை ஆறு இருபதுக்குப் பிறந்தாள். எடை ஒரு கிலோ நூற்று நாற்பது கிராம். முப்பத்தொரு மணி நேரம் இருந்தாள். பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, இன்னாருடைய பெண் குழந்தை என்று எழுதியிருக்கிறார்கள். நர்ஸ் எழுதி வைத்த குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: தாய் எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லியும் ஒன்பது முறை வந்து குழந்தையைப் பார்த்தார். நீ ஓடி வந்ததை மட்டுமே இந்த ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒன்பது முறை போய் நின்றதையும் நினைத்துக்கொள்.

பெரியவர் கேட்டார்: "ஏதாவது தப்பா இருக்காம்மா? இருந்தா ஒரு மனு எழுதிக் கொடுங்க, திருத்திடலாம்."

"இல்லீங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

நகராட்சி இடுகாட்டில், வடக்குச் சுவரை ஒட்டிக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கிறதாம். நான்காம் வரிசை, பதினேழாம் எண். சின்ன சிமெண்ட் பலகையில் எண் மட்டும் போட்டிருக்கும் என்றார். நான் இன்னும் அங்கே போகவில்லை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். உனக்கு முன்னால் நான் போகக் கூடாது.

ஜூன் 12 லீவு போட்டிருக்கிறேன். உன் மாமாவும்தான். முதல் பஸ்ஸில் வா. மாப்பிள்ளைக்கு வர மனமிருந்தால் வரட்டும், இல்லையென்றால் வற்புறுத்தாதே. ராணியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. தனக்கும் ஓர் அக்கா உண்டு என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

உன் அக்கா